இடது கால் அவள் பொறுப்பு

சூப்பர் மார்க்கெட்டில் எல்லாரும் அவளை ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அது சம்பளக் கவரின் மேல் மட்டும்தான் வரும். மேல் அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்ட சோப்புப் பெட்டி, எண்ணெய் டின், பல்பு அட்டை, எதுவானாலும் சரி, "ஏணி அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். இவள் போய்க் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பாள். நிஜ ஏணி ஒன்று கிடங்கில் ஒட்டடை பிடித்துச் சுவரோரமாகக் கிடந்தது. அதன் பிழைப்பைக் கெடுத்துவிட்டாள் இந்தப் பெண் என்று மேனேஜர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

தெருவின் எதிர்ச் சாரியில் மூக்குக் கண்ணாடிக் கடை. அங்கே விற்பனைக்கு நின்றவன்தான் பின்னாளில் அவள் கணவன் ஆனான். மேஜைக்குப் பின்னால் அவன் நிற்கும் இடத்தில் கனமான பலகை ஒன்று போட்டிருக்கும். அதன் மேல் நின்று அவன் ஃபிரேமை மாட்டிவிட்டு, "உங்க முகத்துக்கு இதுதான் சார்" என்று சொன்னால் வாடிக்கையாளர் மறுபேச்சுப் பேசமாட்டார். நல்ல முகம், நல்ல குரல், நறுக்கென்ற பேச்சு. கண்ணாடி தயாரானதும் கொடுக்க அவன் மேஜையைச் சுற்றி வெளியே வருவான். அப்போது அவர்கள் கண் ஒரு கணம் மேலே தேடிவிட்டுக் கீழே இறங்கும். அந்த ஒரு கணத்தை அவன் தினமும் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம் ஆளில்லாத வரிசையில், மேல் அடுக்கிலிருந்த சவர பிளேடு பாக்கெட்டுக்காக அவன் குதித்துக்கொண்டிருந்ததை ஏணி பார்த்தாள். கூப்பிடவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை, குதித்துக்கொண்டே இருந்தான். அவள் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, விலை ஏறிவிட்டது என்பதை மட்டும் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அவன் சொன்னான்: "அன்னிக்கு நீ சிரிக்கல பாரு, அதான்." அவளுக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. அவளைப் பார்க்க வந்த மற்ற ஆண்கள் எல்லாரும் அவளை முதலில் எழுந்து நிற்கச் சொன்னார்கள். இவன் உட்காரச் சொன்னான்.

நான்கைந்து வருஷம் நன்றாகத்தான் போனது. தெருவில் சேர்ந்து நடந்தால் ஒருவர் இருவர் திரும்பிப் பார்ப்பார்கள். மருந்துக்கடை வரிசையில் ஒரு கிழவர், "அக்கா தம்பியா?" என்று கேட்டுவிட்டார். ஏணி தட்டைச் செருப்புக்கு மாறினாள். பேருந்து நிறுத்தத்தில் அவன் பக்கத்தில் நிற்கும்போது கழுத்தையும் தோளையும் உள்ளே இழுத்துக்கொள்வாள். ராத்திரி தோள்பட்டை வலிக்கும். அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"நீ குட்டையா நிக்கப் பாக்குற பாரு, அதுதான் எனக்குப் பெரிய அவமானம்" என்றான் ஒரு நாள்.

அந்த வருஷம் கண்ணாடிக் கடையின் புதுக் கிளைக்கு மேலாளரைப் போட்டார்கள். நேற்று வந்த ஒருவனுக்குக் கிடைத்தது. "பார்வைக்கு ஒரு இது வேணும்ல" என்று முதலாளி எதையோ சொல்லவந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியத்தை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்று தொடங்கிப் போனில் ஒரே வகை வீடியோதான் பார்த்தான்: காலில் கம்பிக் கூண்டோடு படுத்திருக்கும் ஆண்கள், பிறகு அதே ஆண்கள் கூண்டு இல்லாமல், முன்னைவிட உயரமாக, கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பது.

"எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியலயேங்க" என்றாள் ஏணி.

"மேல இருந்து பாக்குறவளுக்கு என்ன தெரியும்?"

அப்பா வழியில் தனக்கு வந்த வீட்டுப் பங்கை, காலை நீட்டும் ஆபரேஷனுக்காக அவன் விற்றான். அவன் அம்மா அழுதாள், பிறகு மகன் முகத்தைப் பார்த்துச் சரி என்றாள்.

வெளியூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டுவது. வளையம் வளையமாக ஒரு கூண்டை வெளியே மாட்டி, கம்பிகளைச் சதைக்குள் விட்டு எலும்போடு பிடிப்பது. கூண்டில் இருக்கும் நட்டுகளை நாளுக்கு நாலு வேளை, ஒவ்வொரு வேளையும் துளித் துளியாகத் திருப்பினால், வெட்டின இடம் மயிரிழை மயிரிழையாக விலகும். அந்த இடைவெளியில் உடம்பே புது எலும்பை நிரப்பிக்கொள்ளும். ரெண்டரை அங்குலம் வரை போகலாம். "அவசரப்பட்டுத் திருப்பினா எலும்பு நிரம்பாது. திருப்பாம விட்டா எலும்பு மூடிக்கும், அப்புறம் நகராது. எங்க வேலை ஒரு நாள். மீதியெல்லாம் வீட்டு வேலைதான்" என்றார். ஏணி தலையாட்டினாள். வீட்டு வேலை என்றால் அவளுக்கு விளங்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவன்தான் பாகம் பிரித்தான். ஆஸ்பத்திரியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. வேறு எந்த நோயாளி வீட்டிலும் இப்படிச் செய்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

"இடது உனக்கு, வலது எனக்கு. ரெண்டையும் உன் தலையில கட்டுனா நாளைக்கு நான்தான் உங்களை வளத்தேன்னு சொல்லிக் காட்டுவே." சிரித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். "ஆனா ஒண்ணு. நான் கத்துவேன். கெட்ட வார்த்தைகூட வரும். நீ காதுல போட்டுக்காதே. பாவம் பாத்து நிறுத்தினியோ, என் வாழ்க்கை போச்சு. புரியுதா?"

"புரியுது."

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வகை. சரக்கு இறங்கும் நாளில் காய்ச்சலோடும் வேலைக்குப் போனவள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் திருப்புவாள். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் தெருவைக் கடந்து மாடிப்படி ஏறி ஓடிவந்து திருப்புவாள். பாதி நாள் சாப்பாடு அந்த ஓட்டத்திலேயே போய்விடும். சாயங்காலம் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. முதல் ஒன்றிரண்டு நாள் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். சதையும் நரம்பும் இழுபடத் தொடங்கியதும் அந்தக் குரல் வந்தது. ஒரு மனிதனுக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "நிறுத்துடி, கொலகாரி, நிறுத்து" என்று தலையணையைக் கிழிப்பான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணீர் ஸ்பேனரில் சொட்டச் சொட்ட, அடுத்த நட்டுக்குப் போவாள். ஒரு முறை முடித்த கையோடு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

"என்னம்மா, புருஷனைப் போட்டு அடிக்கிறியா?" என்று கீழ்வீட்டு அம்மாள் படியில் மறித்துக் கேட்டாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்காக நின்றாள்.

வலது காலை அவன் அவளுக்குக் காட்டுவதில்லை. "நீ பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை வராது. நீ போ, நான் பண்ணிக்கிறேன்" என்பான். மருந்து வைத்துத் துடைப்பதும் அவனே. அந்தக் காலின் மேல் எப்போதும் போர்வை, கீழே ஒரு தலையணை. வேனில் குலுங்கிக்கொண்டு வெளியூர் போக முடியவில்லை என்று சொல்லி, ரெண்டாவது பரிசோதனைக்குப் பிறகு பக்கத்துத் தெரு லேபில் எக்ஸ்ரே எடுத்துப் போனில் அனுப்ப அனுமதி வாங்கிவிட்டான். படம் அவன் போனுக்கு வரும், அவன் அனுப்புவான். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்று பதிலாக வரும். அவள் அதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுவாள்.

ஒரு தடவை மட்டும், பெருக்கும்போது, ரெண்டு பாதமும் ஒரே இடத்தில் முடியவில்லை என்பது கண்ணில் பட்டது. "ஏங்க, இது என்ன, மேல ஏறி நிக்குது?"

"இடுப்பைச் சாய்ச்சுப் படுத்திருக்கேன். என்ன, அளந்து பாக்கப் போறியா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நோயாளியிடம் எதற்கு வாக்குவாதம். உண்மையில் அப்போது அவளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இடது கால் கூண்டில் வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே வந்தன. தன் கையால் ஒருவர் வளர்கிறார் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

திருப்புவதை நிறுத்த வேண்டிய கட்டம் வந்ததும், இந்த முறை நேரில்தான் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேன் பிடித்துப் போனார்கள். ரெண்டு காலையும் சேர்த்து எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்த அறையில் ஒரு நர்ஸ், ரெண்டு ஜூனியர் டாக்டர்கள், மாமியார், ஏணி எல்லாரும் நின்றிருந்தார்கள். படத்தைப் படிக்க யாருக்கும் படிப்பு தேவைப்படவில்லை. இடது எலும்பில் இடைவெளி நீளமாக இருந்தது. வலது எலும்பில் ஒரு விரல் அகலம்கூட இல்லை, அதுவும் வெள்ளையாக மூடிக் கெட்டிப்பட்டிருந்தது.

"போன்ல வந்த படம் நல்லா இருந்துச்சே?" என்று டாக்டர் ஜூனியரைப் பார்த்தார். ஜூனியர் தன் போனைத் தடவினார். வந்த படங்கள் எல்லாம் இடது காலுடையவை. ரெண்டு காலுக்கும் படம் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டர் அந்தப் பேச்சைச் சட்டென்று முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"வலது காலை யார் திருப்பினது?"

சக்கர நாற்காலியில் இருந்தவன் தன் கையைப் பார்த்தான்.

"ரெண்டையும் இவதான் திருப்புனா" என்றான்.

ஏணிக்கு அது முதலில் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. வேறு யாரையோ சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்த்தாள். அதற்குள் டாக்டர் ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, எவ்வளவு தெளிவாச் சொன்னேன்? ஒரு காலை மட்டும் திருப்பினா மனுஷன் எப்படிம்மா நடப்பான்?" மாமியார் மருமகளை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை முடிய நேரமாயிற்று. பார்க்க வேண்டிய உயரம் அவ்வளவு.

திரும்பும் வேனில் மாமியார் முன்சீட்டில் தூங்கிப்போனாள். பின்னால் நீட்டிப் படுத்திருந்தவன் தானாகவே பேச்சை எடுத்தான்.

"அத்தனை பேர் முன்னாடி என்னால சொல்ல முடியலடி."

"திருப்பவே இல்லையா?"

"ஆரம்பத்துல திருப்புனேன். அப்புறம்... நீ இடதைத் திருப்பிட்டுப் போனதும் உயிர் போகும். அதுக்கு மேல வலதைத் தொட முடியுமா? அப்புறமாப் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். அப்படியே நாள் போயிடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவன் வேனின் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "நீயும் நடுவுல விட்டுடுவேன்னு நெனச்சேன். நான் அந்தக் கத்து கத்துறேன், எந்தப் பொண்டாட்டியா இருந்தாலும் பாதியாவது விட்டிருப்பா. ரெண்டும் சமமாக் கொறைஞ்சிருக்கும். இப்படிக் கோணல் ஆகியிருக்காது."

"நிறுத்தாதேன்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னா? சொன்னதை அப்படியே செய்யறதுக்கு நீ என்ன மிஷினா? மனசுன்னு ஒண்ணு இல்லையா உனக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே டயர் கடைகள், செங்கல் அடுக்கு, மறுபடியும் டயர் கடைகள்.

ரெண்டு நாளில் செய்தி அவர்களுக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. மாமியார் தன் மகளிடம் சொன்னாள், மகள் யாரிடம் எல்லாம் சொன்னாளோ. அது கை மாறக் கை மாறக் கால் முளைத்து, நன்றாக உருட்டித் திரட்டப்பட்ட ஒரு கதையாகத் திரும்பி வந்தது: புருஷன் தன் உயரத்துக்கு வந்துவிடுவான் என்ற பொறாமை, வேணும் என்றே ஒரு காலை விட்டுவிட்டாள். கீழ்வீட்டு அம்மாள் இப்போது படியில் மறிப்பதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒரு காலையில் கிடங்கிலிருந்து அந்த நிஜ ஏணியை இழுத்துவந்து, துடைத்து, எண்ணெய் வரிசையில் சாய்த்து வைத்தார்கள். அன்று முழுக்க அவளை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் எதிரே நின்றாள்.

டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். வலது எலும்பை மறுபடி வெட்டி, மறுபடி முதலிலிருந்து இழுத்து, இடதின் அளவுக்குக் கொண்டுவருவது. இல்லையென்றால் ஆயுசு முழுக்க ஒரு செருப்புக்குக் கட்டைவைத்துத்தான் நடக்க வேண்டும். அவன் வெட்டத் தயார் என்றான். திருப்புவதற்கு அவள் வேண்டும் என்றான்.

"திருப்புறேன். அதுக்கு முன்னாடி உங்க அம்மாகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. இப்போ. என் முன்னாடி."

அவன் ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு போட்டான். குரல் இருவருக்கும் கேட்கும்படி வைத்தான். அதுமட்டும் சரியாகச் செய்தான்.

"அம்மா... அந்த வலது காலு... அது அவ இல்லம்மா. நான்தான் திருப்பாம விட்டுட்டேன்."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"எனக்குத் தெரியும்டா ராசா. நீ இப்படித்தான் சொல்லுவே. அவ செஞ்ச தப்பை உன் தலையில தூக்கிப் போட்டுக்கிறே. சின்ன வயசுலயே நீ அப்படித்தான். தங்கமான மனசுடா உனக்கு. பக்கத்துல நிக்கிறாளா அவ? நிக்கட்டும், கேக்கட்டும்."

"இல்லம்மா, நெஜமாவே..."

"போதும்ப்பா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தத் தடவை அவ கை படக்கூடாது. நான் வந்து திருப்புறேன்."

போன் நின்றது. அவன் ஏணியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "சொல்லிட்டேன். நம்பலன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் போனைத் தலையணைக்குக் கீழே வைத்தான். அம்மா அவனைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தைகள் இன்னும் அவன் முகத்தில் இருந்தன. அதைத் துடைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் சமையலறைக்குப் போனாள்.

மறுபடி வெட்டினார்கள். மாமியார் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கட்டிலோரம் பாய் விரித்தாள், ஸ்பேனரைத் தன் சுருக்குப் பையில் போட்டு வைத்துக்கொண்டாள். மருமகளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. "தண்ணி வேணும்." "துணி காயல." ஏணியும் காலையில் போய் இருட்டும்போது வந்தாள். இடைவேளையில் ஓடிவர இப்போது காரணம் இல்லை. மெல்ல உட்கார்ந்து சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை.

ஒரு மத்தியானம் மருந்துச் சீட்டை மறந்துவிட்டு எடுக்க வந்தபோது தெருவிலேயே அந்தக் குரல் கேட்டது. மேலே போனாள். கதவு திறந்திருந்தது. மாமியார் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஸ்பேனர். அவன் சுவரைப் பார்த்துப் படுத்து, "வேணாம்மா, விட்டுடும்மா" என்று முனகினான்.

மாமியார் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு முதல் முறையாகக் குரல் இறங்கியது.

"அம்மாடி, நீ வா. நேத்தும் நான் சரியாத் திருப்பல. என்னால முடியல."

"நான் தொடமாட்டேன் அத்தை. நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். இவன் இப்படிக் கத்தும்போது நீ எப்படித் திருப்புனே?"

"அழுதுக்கிட்டேதான்."

"நிறுத்தணும்னு தோணலயா?"

"தினம் தோணும். நிறுத்தினா என் வாழ்க்கை போச்சுன்னு சொன்னாரு. அதனால நிறுத்தல."

மாமியார் இடது கால் கூண்டைப் பார்த்தாள். வளையங்கள் ஒழுங்காக, ஒரே சீராக விலகி நின்றன. மடியில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"இதை விடாம திருப்புனவ," என்றாள் மெதுவாக, யாரிடமும் சொல்லாதவள் மாதிரி, "அதை மட்டும் எதுக்கு விடப்போறா?"

கட்டிலில் முனகல் நின்றுவிட்டது. அவன் மடக்கிய கையால் கண்ணை மூடிக்கொண்டான்.

ஏணி உள்ளே வந்தாள். மாமியாரின் மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள்.

"திருப்பட்டுமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான். உங்க அம்மா கேக்குறாங்க, வாயைத் தொறந்து சொல்லுங்க."

"திருப்பலன்னா?"

"இப்படியே மூடிக்கும். கட்டை வெச்ச செருப்புதான்."

"திருப்புனா?"

"உங்களுக்கே தெரியும்."

சுவர் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடைவேளை முடிந்துகொண்டிருந்தது.

"வேணாம்" என்றான் அவன்.

அவள் ஸ்பேனரை மருந்துத் தட்டில் வைத்தாள். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

டாக்டர் திட்டினார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், எலும்பு கெட்டிப்பட்டதும் ரெண்டு கூண்டையும் கழற்றினார். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் நின்றுவிட்டது. முதுகிலும் வலி ஆரம்பித்தது. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும் பின்னறை வேலை கொடுத்தார்கள். கேட்பவர்களிடம் லாரி மோதிவிட்டது என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் ஏணி நின்றால், அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்வான். அவள் எதுவும் சொல்லமாட்டாள். இருவருக்கும் நடுவே பேச்சு பருப்பு, வாடகை, மாத்திரை என்ற அளவில் ஓடியது.

மாமியார் ஊருக்குக் கிளம்ப இருந்த காலையில், ஏணி பின் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே மாமியார் பெட்டியைப் பூட்டிக்கொண்டே மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"அதெல்லாம் இல்லடி. அவனால தாங்க முடியல, அவ்வளவுதான்." மகள் விடவில்லை போலிருக்கிறது. மாமியாரின் குரல் உயர்ந்தது. "அவளை எதுக்குடி சும்மா சும்மா இழுக்கிறே? அவ என்ன பண்ணுவா?"

பிறகு பெட்டியின் பூட்டு விழும் சத்தம். மாமியார் வெளியே வந்து, போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். ஏணியும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ஈரத் துணியைப் பக்கெட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு அவளைப் பேருந்து ஏற்றிவிடப் படியிறங்கினாள்.